ஒரு மிஷின், ஒன்பது மூட்டை

(நம் கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது. மலருக்காக எழுதித் தரச் சொன்னார்கள். பேசினபடியே எழுதியிருக்கிறேன், திரும்பத் திரும்பச் சொன்ன இடத்தை மட்டும் எடுத்துவிட்டேன்.)



எனக்கு மைக் பிடிச்சுப் பழக்கம் இல்லை. குழுக் கூட்டத்துல தீர்மானம் படிப்பேன், வரவு செலவு படிப்பேன், அதோட சரி. படிச்சது பத்தாவது. பொன்னேரி பக்கத்துல ஒரு கிராமம்தான் பொறந்த ஊரு. கல்யாணமாகி இங்க வந்து பதினாறு வருஷம் ஆகுது. இவர் துறைமுகத்துக்கு கன்டெய்னர் லாரி ஓட்டுறார். லாரி வரிசையில நின்னா எப்ப வீட்டுக்கு வருவார்னு அவருக்கே தெரியாது. அதனால வீட்டு வேலை, பிள்ளைங்க, தண்ணி, ரேஷன் எல்லாம் நான்தான். அதுக்கு நடுவுலதான் தையல்.

போன மாசம் தலைவி அக்கா சந்தா விஷயமா வீட்டுக்கு வந்தாங்க. சுவத்துல வரிசையா ஆணி அடிச்சு பை பையா மாட்டி வெச்சிருந்ததைப் பாத்துட்டு எண்ண ஆரம்பிச்சாங்க. ஒன்பது மூட்டை. "இன்னாம்மா இது, கடை கணக்கா தொங்குது! ஒரே மிஷின், ஒரே ஆளு, எப்படி சமாளிக்கிற? அதையே விழாவுல பேசு"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. சந்தாவை வாங்க மறந்துட்டாங்க, அது வேற விஷயம். மறுநாள் நானே கொண்டு போய்க் கொடுத்தேன்.

அந்த ஒன்பது மூட்டையில என்னென்ன இருந்துச்சுன்னு முதல்ல சொல்லிடறேன். ஒரு கல்யாண வீட்டு ஜாக்கெட் அஞ்சு. ஸ்கூல் பேண்ட், பாவாடை கீழே இறக்கிக் கொடுக்க வேண்டியது ஒரு மூட்டை. ஃபால்ஸ் அடிக்க வந்த புடவை நாலு. நைட்டி வெட்டினது ஒரு டஜன். எதிர் வீட்டு ஆயாவோட தலையணை உறை. ஒரு வீட்டுக்கு ஜன்னல் திரை. குழுவுக்கு வந்த துணிப்பை ஆர்டர்ல என் பங்கு. வெட்டு மிச்சத் துண்டு எல்லாம் சேத்து வெச்ச மூட்டை. எட்டு ஆச்சு. ஒன்பதாவது மூட்டை யாருதுன்னு கடைசியில சொல்றேன்.

சமாளிக்கிறேன்னு அக்கா சொன்னாங்க. சமாளிக்காம விழுந்த கதையைச் சொன்னாதான் மத்தது புரியும். அதைச் சொல்ல எனக்கு வெக்கமாதான் இருக்கு. இருந்தாலும் நம்ம ஆளுங்ககிட்ட சொல்றதுக்கென்ன.

ஆறு வருஷம் முன்னாடி, ஆவணி மாசம். உங்களுக்கே தெரியும், ஆடி முழுக்க மிஷின்ல தூசி படியும், ஆவணி பொறந்ததும் முகூர்த்தம் மேல முகூர்த்தம். வந்ததை எல்லாம் வாங்கிப் போட்டேன். முடியாதுன்னு சொன்னா அடுத்த தடவை வேற டெய்லர்கிட்ட போயிடுவாங்கன்னு பயம். அப்போ ஆணியும் கிடையாது, பையும் கிடையாது. கட்டில் மேல ஒரு குவியல், கட்டிலுக்கு அடியில ஒரு குவியல். எது யாருதுன்னு என் தலைக்குள்ள இருந்துச்சு.

அதுல ரெண்டு பேர் கத்திரிப்பூ கலர் பட்டு பிட் கொடுத்திருந்தாங்க. ஒண்ணு பின் தெருவுல கல்யாணப் பொண்ணோடது. இன்னொண்ணு காலேஜ் படிக்கிற ஒரு பொண்ணோடது. கல்யாணப் பொண்ணு கொஞ்சம் பூசினாப்ல இருக்கும், மார்பளவு முப்பத்தெட்டு. காலேஜ் பொண்ணு ஒல்லி, முப்பத்திரண்டு. ராத்திரி பதினொன்றரை மணி இருக்கும். சின்னவனுக்கு ஜுரம், மடியில போட்டு தட்டித் தூங்க வெச்சுட்டு வந்து கத்திரியை எடுத்தேன். கல்யாணப் பொண்ணு பிட்டை, காலேஜ் பொண்ணு அளவு ஜாக்கெட்டை வெச்சு வெட்டிட்டேன். கையை வெட்டும்போதுதான் பார்டர் வேற மாதிரி இருக்கேன்னு தோணுச்சு. அதுக்குள்ள முன்பாகம், பின்பாகம் ரெண்டும் போயிடுச்சு.

பெரிய ஜாக்கெட்டைச் சின்னதாக்கலாம். சின்னதை எப்படிப் பெருசாக்குறது? அது கடையில வாங்கின பிட் இல்லை, புடவையோடவே வந்த பிட். அதே கலர், அதே ஜரிகை வேற எங்கயும் கிடைக்காது. முகூர்த்தத்துக்கு நாலு நாள்.

காலையில எழுந்ததும் எம்.சி. ரோட்டுக்கு ஓடினேன். ஒவ்வொரு கடையா ஏறி இறங்கினேன். கத்திரிப்பூ கலர்ல எத்தனை கத்திரிப்பூ இருக்குன்னு அன்னிக்குதான் தெரிஞ்சுது. ஒண்ணும் சேரலை. ஒரு கடையில துணி அளந்து போடற பெரியவர் என் மூஞ்சியைப் பாத்துட்டு, "இன்னாத்துக்கும்மா அலையிற? புடவையிலேயே துணி இருக்கே, உள்ள சொருகுற பக்கம் ஒரு முழம் எடுத்தா யாருக்குத் தெரியும்"னார். அந்த வார்த்தைதான் என்னைக் காப்பாத்துச்சு. ஆனா அதுக்குப் பொண்ணோட அம்மாகிட்ட உண்மையைச் சொல்லணும். கல்யாணப் பட்டுல கத்திரி வைக்கணும்னு கேக்கணும்.

கேட்டேன். அந்தம்மா வாசல்ல உக்காந்து அரிசி புடைச்சிட்டு இருந்தாங்க. ரொம்ப நேரம் ஒண்ணும் பேசலை. புடைக்கிறதை நிறுத்தவும் இல்லை. அப்புறம் உள்ள போய் புடவையைக் கொண்டு வந்து கையில கொடுத்துட்டு, "பொண்ணுக்குத் தெரிய வேணாம்"னு மட்டும் சொன்னாங்க.

உள்சொருகல் பக்கம் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கம்மியா எடுத்தேன். அந்த இடத்துல கலர் ஒத்த வேற துணியைச் சேத்து அடிச்சேன். கட்டினா வெளியே தெரியாத இடம். எடுத்த துணியை ரெண்டு பக்கமும் அக்குளுக்குக் கீழ பட்டையா விட்டு, கப்பைப் பிரிச்சுத் திரும்ப வெட்டி, ஒரு வழியா ஜாக்கெட் ஆச்சு. கல்யாணத்துல பொண்ணு நல்லா இருந்துச்சு. யாரும் கண்டுபிடிக்கலை. அந்த வீட்டு ஆறு ஜாக்கெட்டுக்கும் கூலி நான் வாங்கலை. அவங்களும் கொடுக்க வரலை. அதுக்கப்புறம் அந்த வீட்டுலேருந்து இன்னிக்கு வரைக்கும் ஒரு கர்ச்சீப் கூட என்கிட்ட தைக்க வரலை. வழியில பாத்தா சிரிப்பாங்க, அவ்வளவுதான்.

அதுக்கப்புறம்தான் ஆணி அடிச்சேன்.

துணி வந்ததும் உடனே ஒரு பையில போட்டுடுவேன். ஒரு ஆளுக்கு ஒரு பை. வீட்டுல மூணு பேருக்குத் தைச்சா மூணு பை. அளவு ஜாக்கெட்டை அந்தப் பிட்டோட சேத்து ஊக்கு குத்திடுவேன், தனியா விடவே மாட்டேன். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டி, அதுல பேர், துணி வாங்கின தேதி, கொடுக்க வேண்டிய தேதி, என்ன வேலை, எவ்வளவு முன்பணம்னு எழுதி பை காதுல கட்டிடுவேன். பத்திரிகை அட்டை நல்ல கெட்டியா இருக்கும், மழையில நனைஞ்சாலும் சீக்கிரம் கிழியாது. அதே விவரத்தை நோட்டுலயும் எழுதுவேன். நோட்டு எங்க குழு நோட்டு மாதிரிதான் கோடு போட்டு வெச்சிருக்கேன். கணக்கு எழுதப் பழகினது குழுவுலதானே.

கொடுக்கிற தேதியை வெச்சுதான் ஆணி. சுவத்துல இடது பக்கம் முதல் ஆணி இந்த வாரம், அடுத்தது அடுத்த வாரம், இப்படி வலது பக்கம் போகும். ஞாயித்துக்கிழமை ராத்திரி எல்லாப் பையையும் ஒரு ஆணி இடது பக்கம் நகத்துவேன். புதுசா ஒருத்தர் வந்து "வர்ற வெள்ளிக்கிழமை வேணும்"னு கேட்டா, நான் வாயால பதில் சொல்ல மாட்டேன். சுவத்தைக் காட்டுவேன். முதல் ஆணியில நாலு பை தொங்குதுன்னா அவங்களே "சரி, அதுக்கடுத்த வாரம் கொடும்மா"ன்னுடுவாங்க. முடியாதுன்னு சொல்ல எனக்கு நாக்கு வராது. சுவரு சொல்லும்.

வெட்டற மேசை மேல ஒரே ஒரு பைதான் இருக்கணும். அதைக் கட்டி மாட்டின பிறகுதான் அடுத்த பை கீழ இறங்கும். ராத்திரி ஒன்பதுக்கு மேல கத்திரியைத் தொட மாட்டேன். தைக்கலாம், தப்பானா பிரிக்கலாம். வெட்டினதைச் சேர்க்க முடியாது. கத்திரிக்கு ஒரு உறை தைச்சு வெச்சிருக்கேன், ஒன்பது மணிக்கு அதுல போட்டு அலமாரியில வெச்சுடுவேன். என் மாமியார் கிண்டல் பண்ணுவாங்க, "உன் கத்திரி எனக்கு முன்னாடி தூங்கப் போகுது"ன்னு.

இனி வேலையை எப்படிப் பிரிச்சுக்கிறேன்னு சொல்றேன். எல்லாரும் ஒரு ஜாக்கெட்டை எடுத்தா முடிச்சுட்டு அடுத்ததுக்குப் போறதுதான் சரின்னு நினைப்பாங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். அப்புறம் பாத்தா, ஒரு ஜாக்கெட்டுக்கு வெட்ட எழுந்து, நூல் மாத்த எழுந்து, அயர்ன் பண்ண எழுந்து, ஊக்கு வைக்க வெளிச்சத்துக்கு எழுந்து, தைக்கிற நேரத்தைவிட எழுந்து உக்கார்ற நேரம் ஜாஸ்தி. இப்போ வேலையை வெச்சுப் பிரிக்கிறேன், ஆளை வெச்சுப் பிரிக்கிறதில்லை.

திங்கள் காலையில லைனிங் துணி எல்லாத்தையும் ஒண்ணா நனைச்சுடுவேன். காட்டன் லைனிங்கை நனைக்காம தைச்சா முதல் சலவையில சுருங்கி மேல் துணி மடிப்பு மடிப்பா நிக்கும். அது தெரியாம ஆரம்பத்துல எத்தனை ஜாக்கெட் கெடுத்தேன்! சாயம் போற கலரை மட்டும் தனி பக்கெட்டுல. செவ்வாய்க்கிழமை பிள்ளைங்க பள்ளிக்கூடம் போனதும் வெட்டற வேலை. அந்த நேரம்தான் எனக்குத் தலை தெளிவா இருக்கும். புதன், வியாழன், வெள்ளி தைக்கிறது. அதுலயும் நூல் கலர் வெச்சுதான் வரிசை. வெள்ளை, சந்தன நிறம் முதல்ல, அப்புறம் சிவப்பு, அரக்கு, கடைசியில கறுப்பு, நீலம். வெளிர்லேருந்து அடர்த்திக்குப் போனா கை அழுக்கோ நூல் பிசிறோ வெளிர் துணியில ஒட்டாது. பாபின் ஆறு வெச்சிருக்கேன், முந்தின நாள் ராத்திரியே ஆறுலயும் நூல் சுத்தி வெச்சுடுவேன். கத்திரிதானே தூங்கணும், பாபின் சுத்தலாம்ல.

நைட்டி டஜன் கணக்கா வந்தா முதல்ல பன்னிரண்டுக்கும் தோள், அப்புறம் பன்னிரண்டுக்கும் கை, அப்புறம் பக்கம். ஒண்ணைத் தைச்சு நூலை வெட்டாம அடுத்ததை மிஷின்ல விட்டுடுவேன், மாலை மாதிரி வரும். கடைசியில ஒரே மூச்சா வெட்டிடலாம். நூலும் மிச்சம், நேரமும் மிச்சம்.

கை வேலை இருக்கு பாருங்க, எம்மிங், ஊக்கு, ஃபால்ஸோட மேல் ஓரம், அதுக்கெல்லாம் நான் நேரமே ஒதுக்கறதில்லை. ஒரு சின்ன டிபன் டப்பாவுல ஊசி, நாலு கலர் நூல், ஊக்கு அட்டை, சின்னக் கத்திரி போட்டு ஒரு தோள் பையில வெச்சிருப்பேன். தண்ணி லாரிக்கு நிக்கும்போது, ரேஷன் கடையில, ஆஸ்பத்திரி வரிசையில, கரண்ட் போனா வாசப்படியில, எங்க உக்காந்தாலும் அது நடக்கும். ஒரு தடவை எங்கம்மாவைப் பெரிய ஆஸ்பத்திரியில காட்டப் போய், காத்திருந்த நேரத்துல ஏழு ஜாக்கெட்டுக்கு ஊக்கு வெச்சு முடிச்சேன். பக்கத்துல இருந்த ஒரு அம்மா அங்கேயே அளவு கொடுக்குறேன்னுச்சு! பட்டுப் புடவையை மட்டும் வெளியே எடுத்துட்டுப் போகாதீங்க. அது வீட்டுலதான்.

இதெல்லாம் ஒருத்தி வீட்டு விஷயம். குழுவா செய்யும்போது வேற மாதிரி.

நம்ம ஏரியாவே துணியால வளந்த ஏரியாதான். வண்ணாரப்பேட்டைன்னு பேர் வந்ததே, கம்பெனிக்காரன் கப்பல்ல ஏத்துற துணியை வெளுத்துக் கொடுத்தவங்க குடியிருந்ததால. காலடிப்பேட்டைன்னு மெட்ரோ ஸ்டேஷன் இருக்கே, அது யாரோட காலடியும் இல்லை. 1717லேருந்து 1720 வரைக்கும் சென்னைக்கு கவர்னரா இருந்த காலெட்னு ஒரு வெள்ளைக்காரர் நெசவாளிங்களைக் குடி வெச்ச பேட்டை. காலெட் பேட்டை நம்ம வாயில காலடிப்பேட்டை ஆயிடுச்சு. ஒருத்தர் நெய்வார், ஒருத்தர் வெளுப்பார், ஒருத்தர் சாயம் போடுவார். ஒரே ஆள் எல்லாத்தையும் செஞ்சதில்லை. இது எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா எங்க குழு முதல் பை ஆர்டர்ல அவ்வளவு சண்டை போட்டிருக்க மாட்டோம்.

2019 ஜனவரி 1லேருந்து ஒரு தடவை தூக்கிப் போடற பிளாஸ்டிக்கைத் தமிழ்நாட்டுல தடை பண்ணாங்க. 2021 டிசம்பர் 23ஆம் தேதி 'மீண்டும் மஞ்சப்பை'ன்னு முதலமைச்சர் ஆரம்பிச்சு வெச்சார். அதுக்கப்புறம் துணிப்பைக்கு ஆள் தேடி வர ஆரம்பிச்சாங்க. எங்க குழுவுக்கு ஒரு கடைக்காரர் மூலமா ரெண்டாயிரம் பை ஆர்டர் வந்துச்சு. பதினைஞ்சு நாள்ல கொடுக்கணும். மிஷின் வெச்சிருந்தது ஏழு பேர். ஆளுக்குச் சமமா பிரிச்சுக்கலாம்னு துணியை அளந்து கொடுத்தோம்.

சமமா பிரிச்சதுதான் தப்பா போச்சு. ஒருத்தி மோட்டார் மிஷின்ல ஒரு நாளைக்கு அறுபது போடுவா, ஒருத்தி கால் மிஷின்ல இருபது. ஒருத்தி வெட்டினா நேரா இருக்கும், ஒருத்தி வெட்டினா பை ஒரு காது மேல, ஒரு காது கீழ. பத்தாவது நாள் சேத்து வெச்சுப் பாத்தா ஏழு விதமா பை. கடைக்காரர் முந்நூறு பையைத் திருப்பிக் கொடுத்துட்டார். யாரோடதுன்னு தெரியலை, ஏன்னா யாரும் அடையாளம் போடலை. ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டோம். ரெண்டு பேர் கூட்டத்துக்கே வராம நின்னுட்டாங்க. கடன் தவணை கட்டற நாள் வேற. அந்த வாரம் குழு உடைஞ்சுடும்னே நினைச்சேன்.

எங்க குழுவுல ஒரு வயசான அக்கா இருக்காங்க. அவங்களுக்குத் தைக்கத் தெரியாது. இட்லி வியாபாரம். அவங்கதான் சொன்னாங்க: "மாவு அரைக்கிறவ அரைக்கட்டும், ஊத்துறவ ஊத்தட்டும், சட்னி தாளிக்கிறவ தாளிக்கட்டும். நீங்க ஏன்டி ஏழு பேரும் ஏழு அடுப்பு வெச்சிருக்கீங்க?"

மறுநாள்லேருந்து மாத்தினோம். வெட்டறது ரெண்டே பேர். துணியை எட்டு மடிப்பா போட்டு, அட்டையில ஒரு அளவு செஞ்சு வெச்சு வெட்டினோம். பக்கம் அடிக்கிறது மோட்டார் மிஷின் வெச்சிருக்கிற மூணு பேர். காது தைக்கிறது, வாய் மடிக்கிறது கால் மிஷின்காரங்க. காது வைக்கிற இடத்துல நாலு பக்கம் அடிச்சு நடுவுல குறுக்கே ரெண்டு கோடு போடணும், அப்போதான் அஞ்சு கிலோ அரிசி போட்டாலும் பிய்யாது. அது நிதானமா செய்யற வேலை, கால் மிஷினுக்குத்தான் சரி. தைக்கத் தெரியாதவங்க நூல் வெட்டி, திருப்பி, எண்ணிக் கட்டுவாங்க. ஒவ்வொருத்தர் கட்டுலயும் அவங்கவங்க கலர் நூல்ல ஒரு முடிச்சு. என்னோடது பச்சை.

கூலியிலதான் பேச்சு நீளமா போச்சு. பை ஒண்ணுக்கு மொத்தம் இவ்வளவுன்னு வெச்சு, வெட்டறதுக்கு இவ்வளவு, பக்கத்துக்கு இவ்வளவு, காதுக்கு இவ்வளவு, நூல் வெட்டறதுக்கு இவ்வளவுன்னு பைசா கணக்கா பிரிச்சு தீர்மான நோட்டுல எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். காதுக்கு ஏன் பக்கத்தைவிட ஜாஸ்தின்னு ஒரு தங்கச்சி கேட்டா. அவளையே பத்து பைக்குக் காது வெச்சுப் பாக்கச் சொன்னோம். அப்புறம் அவ கேக்கலை. திருப்பி வந்த முந்நூறையும் சேத்து ரெண்டு நாள் தாமதமா கொடுத்தோம். பணம் வர ரெண்டு மாசம் ஆச்சு, அதுக்கு நடுவுல தவணையை மத்த அக்காங்க பொறுத்துக் கட்டினாங்க. பணம் வந்த அன்னிக்கு முதல்ல அவங்களுக்குக் கொடுத்தோம். கூட்டத்துக்கு வராம நின்ன ரெண்டு பேரும் திரும்ப வந்துட்டாங்க. ஒருத்தி இதோ முன் வரிசையில உக்காந்து என்னை முறைக்கிறா. பேர் சொல்லலை, பயப்படாத.

2020ல கொரோனா வந்தப்போ மாஸ்க் தைச்சோமே, அப்போ இந்த யோசனை எல்லாம் இல்லை. ஆளாளுக்கு வீட்டுல கதவைச் சாத்திட்டுத் தைச்சோம். அது வேற காலம். நல்ல வேளை, சோத்துக்கு ஆச்சு. மாஸ்க்ல மிச்சமான நாடா இன்னும் என்கிட்ட இருக்கு, இப்போ உள்பாவாடைக்குப் போட்டுத் தீத்துட்டு வரேன்.

வருஷத்துக்கு ஒரு கணக்கும் வெச்சிருக்கேன். மே கடைசி, ஜூன் ஸ்கூல் திறக்கிற நேரம், பாதி வேலை இறக்கறதும் பிடிக்கறதும். அதுல காசு கம்மி, ஆனா அன்னன்னிக்குக் கைக்கு வரும். ஆடியில திரை, தலையணை உறை, பை மாதிரி அவசரம் இல்லாத வேலை. ஆவணிலேருந்து தீபாவளி வரைக்கும் ஜாக்கெட். தீபாவளிக்குப் பத்து நாள் முன்னாடி வாங்கறதை நிறுத்திடுவேன். மார்கழியில மிஷினுக்கு எண்ணெய் போட்டு, பெல்ட் பாத்து, மிச்சத் துண்டை எல்லாம் பிரிப்பேன். பெரிய துண்டு கை, பட்டிக்கு ஆகும். நடுத்தரம் சின்னப் பிள்ளைங்க ஜட்டி, பிடிதுணி. ரொம்பச் சின்னதை எல்லாம் அடைச்சுக் கால்மிதி. கால்மிதி ஒண்ணு எங்க வீட்டு வாசல்ல கிடக்கு. அதுல பாத்தா நம்ம தெருவுல பாதி பேர் தீபாவளிக்கு என்ன கலர் போட்டாங்கன்னு சொல்லிடலாம்.

மழைக்காலத்தை மறந்துட்டேன். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்போ வீட்டுக்குள்ள முழங்கால் அளவு தண்ணி. எர்ணாவூர் பக்கம் இருக்கிற நம்ம ஆளுங்களுக்கு அதைவிடக் கொடுமை, தண்ணியோட எண்ணெய் சேந்து வந்து சுவரெல்லாம் கறுப்பு. துணியில அந்தக் கறை பட்டா போகவே போகாது. எனக்கு ஒரு பை கூட நனையலை, ஏன்னா எல்லாம் சுவத்துல தொங்குச்சு. அதுக்காக ஆணி அடிக்கலை, ஆனா அதுக்கும் ஆச்சு. மோட்டாரைத்தான் காப்பாத்த முடியலை. அது மிஷினுக்குக் கீழ இருந்துச்சு. குழுக் கடன் வாங்கி மாத்தினேன். இப்போ மழை அறிவிப்பு வந்தா முதல் வேலை மோட்டாரைக் கழட்டி பரண்ல வைக்கிறது. ரெண்டே போல்ட்டுதான், நீங்களும் கத்துக்கோங்க.

சரி, ஒன்பதாவது மூட்டை.

அது என் பொண்ணோடது. அவ நாலாவது படிக்கும்போது தீபாவளிக்குப் பட்டுப் பாவாடை தைச்சுத் தரேன்னு எம்.சி. ரோட்டுல துணி வாங்கினேன். பச்சையில மாம்பழ மஞ்சள் பார்டர். வெட்டியும் வெச்சேன். அந்தத் தீபாவளிக்கு ஊராருக்கெல்லாம் தைச்சு முடிச்சு மணி பாத்தா விடியக்காலை மூணு. அவளுக்குக் கடையில ஒரு ஃப்ராக் வாங்கிப் போட்டாச்சு. பொங்கலுக்குத் தைக்கலாம்னேன். அப்புறம் பொறந்த நாளுக்குன்னேன். அந்தப் பை கடைசி ஆணியிலயே இருந்துச்சு. இப்போ அவ ஏழாவது.

போன மாசம், தலைவி அக்கா எண்ணிட்டுப் போன அன்னிக்கு ராத்திரி, அவ அந்தப் பையை இறக்கிப் பாத்தா. பாவாடை இடுப்புல நின்னுச்சு, நீளம் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழ. சிரிச்சா. அப்புறம் பையைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "அம்மா, எல்லாப் பைக்கும் சீட்டு கட்டியிருக்க, இதுக்கு மட்டும் இல்லையே"ன்னா.

நான் பாத்தேன். ஆமாம். பேர் இல்லை, தேதி இல்லை. தேதி இல்லாத பை எப்படி நகரும்? ஞாயித்துக்கிழமை எல்லாப் பையையும் நகத்தும்போது அது மட்டும் அங்கேயே இருக்கும். மூணு வருஷமா நானே அதைத் தாண்டித் தாண்டி மாட்டியிருக்கேன்.

அவளே ஒரு பத்திரிகை அட்டையை எடுத்து எழுதினா. பேர், வாங்கின தேதி, வேலை பாவாடை, முன்பணம்னு எழுதி அதுக்கு நேரா ஒரு முத்தம்னு எழுதி வெச்சா. கொடுக்க வேண்டிய தேதியை என்கிட்ட கேட்டா. நான் சுவத்தைப் பாத்தேன். கல்யாண வீட்டு ஜாக்கெட் அஞ்சு முன்னாடி நிக்குது. அடுத்த மாசம் இருபதுன்னு சொன்னேன். எழுதிக்கிட்டா.

அந்தப் பாவாடை இனி பாவாடையா ஆகாது. பிரிச்சு, பார்டரைத் தனியா எடுத்து, கீழே அரக்குக் கலர் துணி சேத்து, அவளுக்குத் தாவணிக்குப் பாவாடையா போடலாம்னு வெச்சிருக்கேன். அரக்குத் துணி மிச்சத் துண்டு மூட்டையிலயே ஒண்ணரை மீட்டர் கிடைச்சுது, திரை தைச்ச வீட்டுல வேணாம்னு கொடுத்தது. இடுப்புல பாக்கெட் வேணுமாம். பட்டுப் பாவாடையில பாக்கெட்டான்னு மாமியார் கேக்குறாங்க. வெக்கலாம், பக்கத் தையல்ல உள்ளுக்குள்ள வெச்சா தெரியாது.

இன்னிக்குத் தேதி பதினாலு. அந்தப் பை முதல் ஆணிக்கு வந்துடுச்சு. செவ்வாய்க்கிழமை வெட்டப் போறேன், காலையில. யாராவது அவசரம்னு ஜாக்கெட் கொண்டு வந்தீங்கன்னா, தயவு செஞ்சு இருபத்தொண்ணுக்கு அப்புறம் வாங்க.